பத்து விநாடி காத்திருங்கள், பத்து மாதம் காத்திருக்காதீர்கள்

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை வாய் பேசவில்லை. பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்று முருகன் சந்நிதியே கதியென்று கிடந்தார்கள். பேச்சு வந்தது, 'கந்தர் கலிவெண்பா' பிறந்தது என்பது தென்பாண்டிச் சீமையில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இரண்டரை வயதாகியும் பேசாத பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாயிடம் யாராவது ஒரு பெரியவர் இந்தக் கதையைச் சொல்லியிருப்பார். "அவரே அஞ்சு வயசுலதான் பேசினாரு. உம் புள்ள பேசாமலா போயிடுவான்? சும்மா இரு தாயி."

ஆறுதலுக்காகச் சொல்வதுதான். ஆனால் அந்தக் கதையில் வரும் தாயும் தகப்பனும் சும்மா இருக்கவில்லை. பிள்ளை பேசவில்லை என்று தெரிந்ததும், அந்தப் பதினேழாம் நூற்றாண்டில் தங்களுக்குத் தெரிந்த ஒரே உதவியைத் தேடி ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

இன்றைக்குத் திருச்செந்தூர் கோயிலோடு மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு மருத்துவமனையும் இருக்கிறது. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று அது தூங்கும்போதே சில நிமிடங்களில் சொல்லிவிடும் கருவி இருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்கென்றே நான்காண்டுப் பட்டப்படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். இருந்தும், பேச்சு தாமதமான பிள்ளைகளில் பலர் மூன்று, மூன்றரை வயதில்தான் முதல்முறையாக ஒரு பயிற்சியாளரின் அறைக்குள் நுழைகிறார்கள். நடுவில் போன காலத்தைத் தின்றது "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்கிற ஒரு வாக்கியம்.

ஆண் பிள்ளை லேட்டாகத்தான் பேசும், அவங்க அப்பாவும் இப்படித்தான், வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, ஸ்கூலில் போட்டால் சரியாகிவிடும் என்று அந்த வாக்கியத்துக்குத் துணையாக நாலைந்து காரணங்களும் வரும். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆண் குழந்தைகள் சராசரியாகக் கொஞ்சம் பிந்திப் பேசுவது உண்மை; அது சில வாரக் கணக்கு, வருடக் கணக்கு அல்ல. தகப்பன் தாமதமாகப் பேசியவர் என்றால் அது பரம்பரையாக வரக்கூடியது என்பதும் உண்மை. அப்படியானால் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்றுதானே பொருள்? தாமதமாகப் பேச ஆரம்பித்துத் தாமாகவே எட்டிப் பிடித்துவிடும் குழந்தைகளும் நிறைய. அந்தக் குழந்தை உங்கள் குழந்தைதானா என்பதை இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

குழந்தையின் பேச்சு விஷயத்தில் நாம் இரண்டு வகையாகக் காத்திருக்கிறோம். மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். குழந்தை பதில் சொல்ல இரண்டு விநாடிகூடக் காத்திருப்பதில்லை. இது அப்படியே தலைகீழாக மாற வேண்டும்.

பேச்சு எங்கே தொடங்குகிறது?

முதல் சொல்லில் அல்ல. அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிடுகிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே கடைசி மூன்று மாதங்களில் குழந்தைக்குக் காது கேட்கும். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் வேற்றுப் பெண்ணின் குரலைவிடத் தம் தாயின் குரலைத் தேடிக் கேட்கின்றன என்று அமெரிக்க உளவியலாளர்கள் டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980-இல் நிறுவினார்கள். சூப்பான் ஒன்றைக் கொடுத்து, அதைச் சப்பும் தாளத்தைப் பொறுத்துத் தாயின் குரல் ஒலிக்கும்படி செய்தார்கள். குழந்தைகள் அந்தத் தாளத்தைக் கற்றுக்கொண்டன.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு ஆய்வு 1984-இல் வெளிவந்தது. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தியின் 'ட', 'த' ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கவைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டும் வேறு வேறு என்று எளிதாகக் கண்டுகொண்டன. ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறமை மங்கிப் போயிருந்தது, ஏனென்றால் அவர்கள் வீட்டில் அந்த வேறுபாட்டுக்கு வேலை இல்லை. 'பட்டு', 'பத்து' என்று நாள் முழுக்கக் காதில் விழும் தமிழ் வீட்டிலோ அது வளர்ந்துகொண்டே போகும். ஒரு சொல்கூடப் பேசாத அந்த முதல் வருடத்தில் குழந்தையின் மூளை வீட்டு மொழிக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு இருக்கிறது. காது கேட்காத குழந்தைக்கு அந்த வருடம் முழுக்க நழுவிப் போகிறது என்பதையும் சேர்த்து யோசித்தால், காதுப் பரிசோதனைக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று புரியும்.

ஒலி மட்டும் போதாது, முகமும் வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடியவர், ஐந்து வயதுவரை பேசாதிருந்ததாகச் சொல்லப்படும் அதே குமரகுருபரர்தான். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் குழந்தை தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை உண்டு, கைகொட்டும் சப்பாணி உண்டு, முத்தம் கேட்கும் பருவமும் தளர்நடையில் வரச்சொல்லும் வருகைப் பருவமும் உண்டு. பிறகு அம்புலி: குழந்தையோடு விளையாட வா என்று நிலவை அழைப்பது. இதில் ஒன்றில்கூடக் குழந்தை சொற்களால் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு முறை இருக்கிறது. பெரியவர் ஒன்று செய்கிறார், குழந்தை உடம்பால் பதில் தருகிறது, பெரியவர் மறுபடி ஏதோ சொல்கிறார்.

அம்புலியைக் காட்டும்போது நடப்பது இன்னும் நுட்பமானது. அம்மா நிலவைச் சுட்டுகிறாள். குழந்தை முதலில் விரலைப் பார்க்கிறது, பிறகு விரல் போன திசையில் நிலவைப் பார்க்கிறது, பிறகு 'நீயும் அதைத்தானே பார்க்கிறாய்?' என்பது போலத் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. இப்படி இரண்டு பேர் ஒரே பொருளைச் சேர்ந்து கவனிப்பதைப் பற்றி ஜெரோம் புரூனரும் மைக்கேல் ஸ்கெயிஃபும் 1975-இல் எழுதிய கட்டுரை, குழந்தை மொழி ஆராய்ச்சியையே திசைதிருப்பியது. ஒன்பதாம் மாதத்தையொட்டி இந்தச் சேர்ந்து பார்த்தல் துலங்க ஆரம்பிக்கும். அம்மா எதைப் பார்த்து 'நிலா' என்கிறாள் என்று தெரிந்தால்தானே 'நிலா' என்பது எதன் பெயர் என்று பிடிபடும்? சொற்களெல்லாம் இந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன. ஒரு வயது தாண்டியும் எதையும் சுட்டிக்காட்டாத, நாம் சுட்டினாலும் பார்க்காத குழந்தையைப் பற்றிப் பயிற்சியாளர்கள் கவலைப்படுவது இதனால்தான். பேசாததைவிட அது முக்கியமான அறிகுறி.

ஃபோன் காட்டினால்தான் வாயைத் திறக்கிறது

நிலாச்சோறு ஊட்டிய இடத்தில் இப்போது கைபேசி இருக்கிறது. தாய்மார்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடித்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணிடமும், சென்னையில் அடுக்குமாடி வீட்டில் தனியாளாகக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே மடிக்கணினியில் வேலை பார்க்கும் பெண்ணிடமும் 'நிலாவைக் காட்டி ஊட்டு' என்று சொல்வது எளிது, செய்வது கடினம். ஊட்டுவதும் பேசுவதும் அவளுடைய வேலை மட்டும்தான் என்று வீடு நினைக்கும்வரை அது கடினமாகவே இருக்கும். அப்பாக்களே, அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனாலும் திரையில் பேசும் குரலிலிருந்து குழந்தை பேச்சைக் கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா குல் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதில் தெளிவானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு குழுவோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்துப் பேசினார்கள். மொத்தம் 12 அமர்வுகள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, அதே நேரம் திரையில் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. திரையில் பார்த்தவை எதையும் கற்கவில்லை.

திரை குழந்தையின் முறைக்காகக் காத்திருக்காது. குழந்தை 'ஆ' என்றால் திரும்பி 'ஆ' என்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதலில் இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்றும் இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. வெளியூரில் இருக்கும் தாத்தாவிடம் வீடியோவில் பேசுவது இதில் சேராது. தாத்தா பதில் சொல்வார்.

குழந்தையின் கையில் இருக்கும் ஃபோனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நம் கையில் இருப்பதையும் பேச வேண்டும். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்த பரிசோதனையில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சில நிமிடம் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் இருந்தாள். குழந்தை சிரித்துப் பார்த்தது, கை நீட்டியது, கத்தியது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் முகம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணாடியில் பார்த்தால் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற சொல் இப்போது யூடியூபிலும் வாட்ஸப்பிலும் நிறையச் சுற்றுகிறது. மருத்துவ நோய்ப்பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது. திரையைக் குறைத்தால் எந்தக் குழந்தைக்கும் நல்லது. ஆனால் 'ஃபோனால்தான் வந்தது, ஃபோனை நிறுத்தினால் போய்விடும்' என்று நம்பி ஆறு மாதம் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிற குடும்பங்கள் பெருகுவது வேதனையாக இருக்கிறது. ஃபோனை நிறுத்துவதும் மருத்துவரைப் பார்ப்பதும் ஒரே வாரத்தில் நடக்க வேண்டிய காரியங்கள்.

'சொல்லு… சொல்லு…'

விருந்தினர் வந்திருக்கிறார்கள். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு. சொல்லுடா. பேர் என்ன சொல்லு. காக்கா எப்படிக் கத்தும்? சொல்லு." குழந்தை அம்மாவின் புடவைக்குள் ஒளிகிறது. நம் வீடுகளில் குழந்தையோடு நடக்கும் பேச்சில் பெரும்பகுதி கேள்வியும் கட்டளையுமாக இருக்கிறது. பேசத் தடுமாறும் குழந்தைக்கு ஒவ்வொரு 'சொல்லு'வும் ஒரு பரீட்சை. தோற்றுத் தோற்று அது வாயைத் திறப்பதையே விட்டுவிடும்.

பயிற்சியாளர்கள் பெற்றோருக்கு முதலில் கற்றுத்தருவது பேசாமல் இருக்கத்தான். குழந்தையின் முகத்துக்கு நேராகத் தரையில் உட்காருங்கள். அது என்ன செய்கிறது என்று பாருங்கள். நீங்கள் ஏதாவது சொன்னால் ஒரே முறை சொல்லிவிட்டு ஐந்து, பத்து விநாடி எதிர்பார்ப்போடு முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பத்து விநாடி என்பது செய்து பார்த்தால் மிக நீளமாக இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு பார்வை வரலாம், கை நீளலாம், 'ம்' என்று ஒரு சத்தம் வரலாம். எது வந்தாலும் அதைப் பேச்சாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். 1970-களில் கனடாவில் தோன்றி, உலகெங்கும் பேச்சுப் பயிற்சியில் பயன்படும் ஹானன் முறை இதைத்தான் அடித்தளமாக வைத்திருக்கிறது.

குழந்தை பிஸ்கட் டப்பாவைப் பார்க்கிறது. நாம் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவோம். பாசமுள்ள வீடுகளில் குழந்தைக்கு எதையும் கேட்க வேண்டிய அவசியமே வருவதில்லை. டப்பாவை எடுத்து, மூடியைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் குழந்தை உங்கள் கையைப் பிடிக்கும், டப்பாவைத் தட்டும், 'ஈ…' என்னும். அப்போது "தொற" என்று சொல்லித் திறங்கள். நாலு நாள் இப்படிச் செய்தால் ஐந்தாம் நாள் 'தொ' என்று வரலாம். வராவிட்டாலும் திறந்து கொடுத்துவிட வேண்டும். அழவைத்துக் கேட்கவைப்பது பயிற்சி ஆகாது.

குழந்தை சொன்னதோடு ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது இன்னொரு வழி. அது 'பூனை' என்றால் "ஆமா, பூனை ஓடுது." 'ஓடுது' என்றால் "பூனை வேகமா ஓடுது." இதில் தமிழ் நமக்குப் பெரிய வசதி செய்து தந்திருக்கிறது. வா, போ, தா என்று ஒற்றை எழுத்திலேயே முழுக் காரியமும் முடிந்துவிடும். பொருள்களின் பெயர்களை மட்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்காமல் இந்த வினைச்சொற்களை நிறையப் புழங்கவிட்டால், குழந்தைக்குத் தன் விருப்பத்தைச் சொல்லும் சக்தி சீக்கிரம் கைக்கு வரும்.

இதற்கெல்லாம் தனி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் ஒதுக்க வேண்டாம். முருங்கைக்கீரை ஆயும்போது ஒரு கொத்தைக் குழந்தையின் கையில் கொடுங்கள். குளிக்கவைக்கும்போது 'தண்ணி ஊத்து… ஊத்து…' என்று சொல்லி அடுத்த சொம்பை உயர்த்திப் பிடித்து நிறுத்துங்கள். சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு, பருப்பு கடைவது, நண்டூருது நரியூருது போன்ற மடிவிளையாட்டுகள் எல்லாம் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து, உச்சத்தில் ஒரு கணம் நின்று, குழந்தை சிரிக்கக் காத்திருக்கும் அமைப்புடையவை. பயிற்சி அறையில் சொல்லித்தரும் நுட்பங்களில் பாதி அதற்குள் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பாட்டிக்கு அவை எல்லாம் தெரிந்திருக்கும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பேசுகிறோம் என்பதைவிட எத்தனை முறை பேச்சு மாறி மாறிக் கைமாறுகிறது என்பதே முக்கியம் என்று 2018-இல் ரேச்சல் ரோமியோவும் சகாக்களும் பாஸ்டன் பகுதியில் செய்த ஆய்வு காட்டுகிறது. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, மூளையையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட, பரிமாற்றங்களின் எண்ணிக்கைதான் மூளையின் மொழிப் பகுதிகளின் செயல்பாட்டோடு பொருந்தி வந்தது. வீட்டின் வருமானத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும் அப்படியே. பணமில்லாத வீட்டிலும் இது நடக்கும் என்பதால் எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும்.

ஏ ஃபார் ஆப்பிள் தெரியும், தண்ணீர் கேட்கத் தெரியாது

மூன்று வயதுப் பையன். ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும் சொல்கிறான், ஒன்றிலிருந்து நூறுவரை சொல்கிறான், கார்களின் பெயர்கள், கிரகங்களின் பெயர்கள் எல்லாம் தெரியும். தாகம் எடுத்தால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் குடத்தடியில் விடுகிறான். பேச்சுப் பயிற்சியாளர்கள் வாரந்தோறும் பார்க்கும் காட்சி இது. "நல்லாப் பேசுறான் டாக்டர், ஆனா பதில்தான் சொல்ல மாட்டேங்கிறான்" என்று பெற்றோர் சொல்வார்கள்.

ஒலிகளை வாயால் உண்டாக்குவது வேறு. சொற்களைப் பொருளோடு கோத்துப் புரிந்துகொள்வது வேறு. அவற்றைக் கொண்டு இன்னொரு மனிதரோடு உறவாடுவது வேறு. மூன்றும் தனித்தனியே தடைபடக்கூடும். ஃபிளாஷ் கார்டுகள் முதலாவதை வளர்க்கலாம், இரண்டாவதைக் கொஞ்சம் தொடலாம், மூன்றாவதைத் தொடுவதே இல்லை. ஒன்றரை வயதில் அட்டைகளை வாங்கி அடுக்கும் பெற்றோர் அந்தப் பணத்தில் ஒரு பந்து வாங்கி உருட்டி விளையாடலாம். நீ உருட்டு, நான் உருட்டுகிறேன். உரையாடலின் இலக்கணம் அங்கேயே இருக்கிறது.

"தண்ணி வேணுமா?" என்று நாம் கேட்டதை, தாகம் எடுத்தபோதெல்லாம் "தண்ணி வேணுமா?" என்றே சொல்லும் குழந்தைகள் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது அதிகம். கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொல்கிறது என்று அதட்டி நிறுத்தச் சொல்வது பழைய வழக்கம். உண்மையில் அந்தக் குழந்தை கேட்கத்தான் செய்கிறது, தனக்குக் கிடைத்த வாக்கியத்தை வைத்துக் கேட்கிறது. நாம் வாக்கியத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். கேள்வியாகக் கேட்காமல், குழந்தையின் இடத்தில் நின்று "எனக்குத் தண்ணி வேணும்" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தால், நாளடைவில் அந்த வாக்கியம் அதன் வாயில் ஏறும்.

எந்த மொழியில்?

"வீட்டில் இரண்டு மொழி பேசுவதால்தான் குழம்புகிறான். ஒரே மொழி பேசுங்கள், இங்கிலீஷே பேசுங்கள்" என்ற அறிவுரை இன்னும் சில பள்ளிகளிலிருந்தும், வருத்தத்தோடு சொல்கிறேன், சில மருத்துவமனை அறைகளிலிருந்தும் வருகிறது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் அது தடையில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேடு விளைவிப்பது வேறொன்று. தமிழில் சரளமாகக் கொஞ்சத் தெரிந்த அம்மா, 'கம் ஹியர்', 'சிட் டவுன்', 'டோன்ட் டச்' என்ற பத்துப் பதினைந்து ஆங்கிலக் கட்டளைகளுக்குள் சுருங்கிப்போகிறாள். குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சு வற்றுகிறது, பாட்டியோடு உறவும் அறுகிறது. உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் இயல்பாக வருகிறதோ அதில் பேசுங்கள். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் என்றால் அப்படியே இருக்கட்டும்.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். இரண்டரை வயதுப் பிள்ளை காக்காவைத் 'தாத்தா' என்பதும் மரத்தை 'மயம்' என்பதும் வளர்ச்சியின் படிகள். ப, ம போன்ற உதட்டொலிகள் முதலில் வரும். ர, ற எல்லாம் பிந்தும். ழகரம் பல ஊர்களில் பெரியவர்கள் நாக்கிலேயே இல்லை, குழந்தையிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. 'தப்பு, சரியாச் சொல்லு' என்னாமல், "ஆமா, காக்கா பறக்குது" என்று சரியான ஒலியை நம் பதிலில் வைத்தால் போதும். மூன்று, நான்கு வயதில் சிலருக்குத் திக்கலும் வரும், பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது முகத்தில் இறுக்கம் தெரிந்தாலோ பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும்.

முதலில் காது

எந்த வயதில் எது இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும்? ஒரு வயதுக்குள் பெயரைக் கூப்பிட்டால் திரும்புவதும், டாட்டா காட்டுவதும், மழலையில் பா-பா, மா-மா என்று அடுக்குவதும் வந்திருக்க வேண்டும். ஒன்றரை வயதில் பொருளோடு சில சொற்கள். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல் சேர வேண்டும். மூன்று வயதில் வெளியாட்களுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். எந்த வயதிலும், வந்த சொற்கள் மறைந்துபோனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

முதல் பரிசோதனை காதுக்கு. 'தட்டைத் தட்டினால் திரும்புறானே, காது நல்லாத்தான் கேக்குது' என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பாத்திரச் சத்தம் கேட்கும் குழந்தைக்கு 'ச', 'ஸ' போன்ற மெல்லிய, கூர்மையான ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான்; இன்று கேட்கும், அடுத்த வாரம் மங்கும். காது கேளாத சிசுவும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே 'ங்கா' என்று குரல் எழுப்பும் என்பதால் வீட்டில் சந்தேகமே வராது. நெருங்கிய உறவில் திருமணம் செய்த குடும்பங்களில் பிறவிக் கேளாமைக்கான வாய்ப்பு கூடுதல். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கால் பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் உறவுக்குள் மணந்தவர்கள் என்பதை நினைத்தால், இங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் காதுப் பரிசோதனை ஏன் கட்டாயமாக வேண்டும் என்று விளங்கும். ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. சிசுவின் காதில் சிறு குழாய் வைத்துப் பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனையும், தூங்கவைத்து எடுக்கும் பெரா சோதனையும் வலியற்றவை.

நாக்கில் வசம்பு தேய்ப்பதாலோ நாக்கடி நரம்பை வெட்டுவதாலோ சொற்கள் வந்துவிடாது. வசம்பு அதிகமானால் வாந்தியில்தான் முடியும். நாக்கு ஒட்டியிருப்பது சில ஒலிகளைப் பாதிக்கலாம், பேச்சே இல்லாமல் செய்யாது.

எங்கே போவது என்பதற்கு விடை பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். கேளாமை, பேச்சுத் தாமதம், ஆட்டிசம் எல்லாம் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உண்டு. மேல்பரிசோதனைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. எதுவும் தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம். உள்காதுக் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அறுவை முடிந்த பிறகு நீண்டகாலக் கேள்-பேச்சுப் பயிற்சி இல்லாவிட்டால் கருவியால் பயனில்லை என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத சிறு குழந்தைகளைப் பெற்றோரையும் உடன் வைத்துப் பயிற்றுவித்துச் சாதாரணப் பள்ளிகளுக்கு அனுப்பி வருகிறது. தனியாரிடம் போகிறவர்கள், அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். தெருவுக்குத் தெரு 'தெரபி சென்டர்' பலகை தொங்கும் காலம் இது.

தொடக்கநிலை மையங்களில் பயிற்சியாளர்கள் போதாது. முறை கிடைக்க நாளாகிறது. கிராமத்திலிருந்து ஒருநாள் கூலியை விட்டு வந்து போகும் செலவும் பெரிது. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. அங்கே எடையும் உயரமும் பதிவதுபோல 'சுட்டிக்காட்டுகிறதா, பெயருக்குத் திரும்புகிறதா, எத்தனை சொல் பேசுகிறது' என்று மூன்று கேள்விகள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒழுங்காகக் கேட்கப்பட்டால், மூன்றரை வயதில் வரும் பிள்ளை ஒன்றரை வயதில் வந்துவிடும். அங்கன்வாடி ஊழியர்களின் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட பதிவேடுகள் இருப்பது தெரியும். சிலவற்றைக் குறைத்துவிட்டு இதைக் கொடுக்கலாம்.

எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் வாய்ப்பேச்சு வராத, அல்லது மிகக் குறைவாகவே வரும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மொழி இல்லை என்று பொருள் அல்ல. சைகை மொழி முழுமையான மொழி. படத்தைத் தொட்டால் அதன் சொல்லை உச்சரிக்கும் 'ஆவாஸ்' செயலி சென்னையில் உருவானது, அதில் தமிழும் உண்டு. 'படத்தைக் காட்டப் பழகினால் வாய் பேசாது' என்று பயந்து பலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். இதுவரை வந்த ஆய்வுகளில் அப்படி நடந்ததற்குச் சான்று இல்லை. பல குழந்தைகளுக்குப் பேச்சு சற்றுக் கூடியிருக்கிறது. பசிக்கிறது, வலிக்கிறது, அது வேண்டாம் என்று சொல்ல வழி கிடைத்ததும் அடிப்பதும் கடிப்பதும் குறைவதைப் பெற்றோர் முதலில் கவனிப்பார்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது குழந்தை வீட்டில் விளையாடுவதை, கேட்பதை, அடம்பிடிப்பதைச் சில நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் குழந்தை அழுதுகொண்டே இருந்துவிடும், மருத்துவருக்கு உண்மை நிலை தெரியாது. அது பேசும் சொற்களை, மழலையாகவே இருந்தாலும், ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பகல் முழுவதும் குழந்தையோடு இருப்பவர் பாட்டி என்றால் பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். பயிற்சி அறைக்கு வெளியே உட்காரச் சொன்னால், உள்ளே இருக்க அனுமதி கேளுங்கள். வாரத்தில் முக்கால் மணி நேரம் பயிற்சியாளர் செய்வதை மற்ற ஆறு நாளும் செய்யப்போவது நீங்கள்தான். கிளம்பும்போது, இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியது என்ன என்பதைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.